பெர்மிட் அக்டோபரில் முடிகிறது, அப்பாயின்ட்மென்ட் டிசம்பரில், நடுவில் அக்கா கல்யாணம்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து இரண்டு வருஷம் ஆகிறது, இப்போது ஐந்தாவது செமஸ்டர். ரெசிடென்ஸ் பெர்மிட் அக்டோபர் 31-ஆம் தேதியோடு முடிகிறது. ஆன்லைனில் தேடித் தேடிக் கிடைத்த அப்பாயின்ட்மென்ட் டிசம்பர் 9. நடுவில் நவம்பர் 20, மதுரையில் அக்கா கல்யாணம். போய்விட்டுத் திரும்பி வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "ரெண்டு பேப்பர் அரியர் இருக்கு, அதனால எக்ஸ்டென்ஷன் மறுத்துடுவாங்களா?" என்று போகிற போக்கில் ஒரு கேள்வி. நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வியும் இதற்குள் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது: நவம்பர் 1-ஆம் தேதி காலையில் நீங்கள் இந்த நாட்டில் சட்டப்படி இருக்கிறீர்களா, இல்லையா? அதைச் சரிசெய்தால்தான் கல்யாணத்தைப் பற்றிப் பேச முடியும்.

நான் வக்கீல் இல்லை. நானும் மாணவனாக வந்தவன்தான். படிப்பு முடிந்தபின் ஒரு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் ஆலோசனைப் பிரிவில் சேர்ந்து ஒன்பது வருஷமாக இதே மாதிரி மின்னஞ்சல்களோடுதான் குடித்தனம். அதில் கற்றுக்கொண்ட முதல் பாடம், சட்டம் ஒன்று, அலுவலகம் பல என்பது. குடியிருப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒன்றுதான். அதை நடத்துகிற வெளிநாட்டவர் அலுவலகங்கள் ஐநூறுக்கும் மேல். ஒவ்வொன்றும் அந்தந்த நகரத்தின் அல்லது மாவட்டத்தின் கையில் இருக்கிறது. அதனால் உங்கள் நண்பன் பக்கத்து ஊரில் பத்து நாளில் வேலையை முடித்தான் என்பதை வைத்து உங்கள் ஊரைக் கணக்குப் போட முடியாது. கீழே எழுதுவதில் எது சட்டம், எது ஊருக்கு ஊர் மாறுகிற நடைமுறை என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு, 4-ஆம் உட்பிரிவு. பெர்மிட் முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், அலுவலகம் முடிவு சொல்லும்வரை பழைய பெர்மிட் தொடர்வதாகவே கருதப்படும். அலுவலகம் எவ்வளவு தாமதித்தாலும் அந்தப் பழி உங்கள் தலையில் விழாது. படிப்பது, வேலை பார்ப்பது என்று பழைய பெர்மிட்டில் இருந்த உரிமைகள் அப்படியே தொடரும். இதில் எந்த ஊருக்கும் விதிவிலக்கு கிடையாது. ஒரு நாள் தாமதித்து விண்ணப்பித்தாலும் இந்தப் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது. பெரிய கஷ்டம் நேரும் என்றால் தாமதத்தை மன்னித்துப் பழைய பெர்மிட் தொடர்வதாக அலுவலகம் உத்தரவிடலாம் என்று அதே உட்பிரிவில் ஒரு வரி உண்டு. ஆனால் அது அதிகாரியின் விருப்பத்தில் இருக்கிறது, நம் உரிமையில் இல்லை.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். அப்பாயின்ட்மென்ட் போட்டது விண்ணப்பித்தது ஆகுமா? சில நகரங்கள் தங்கள் தளத்திலேயே, காலாவதிக்கு முன் நேரம் பதிவு செய்தால் அதையே விண்ணப்பமாக எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். வேறு பல ஊர்களில் அப்படி ஒரு வார்த்தையும் இருக்காது. அங்கே அந்தப் பதிவு வெறும் வரிசைச் சீட்டுதான். உங்கள் ஊர் எந்த ரகம் என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, தனியாக ஒரு விண்ணப்பம் போட்டுவிடுவது சுலபம்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மாணவனாக இருந்த காலத்தில் எனக்கும் இதே நிலைமை. பெர்மிட் முடிந்து ஐந்து வாரம் கழித்துத்தான் நேரம் கிடைத்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன். பல்கலைக்கழகத்தில் ஆய்வக உதவியாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பெர்மிட் முடிந்த மறுவாரம் பணியாளர் பிரிவிலிருந்து கடிதம்: செல்லுபடியாகும் தாளைக் காட்டும்வரை வேலைக்கு வர வேண்டாம். வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஓடினால், "விண்ணப்பம் எங்கே?" என்று கேட்டார் அந்த அம்மா. ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினேன். "இது நீங்கள் வருகிற நேரம். நீங்கள் கேட்பது என்னவென்று இதில் எங்கே இருக்கிறது?" என்றார். நியாயமான கேள்விதான், எனக்குத்தான் அன்றைக்கு உறைக்கவில்லை. கடைசியில் கஷ்டத்தை முன்னிட்டு மன்னித்தார்கள். ஆனால் அந்த நான்கு வாரச் சம்பளம் போனது போனதுதான்.

ஆகவே இந்த வாரமே விண்ணப்பியுங்கள். உங்கள் ஊரில் ஆன்லைன் படிவம் இருந்தால் அதை நிரப்பி அனுப்பி, வருகிற உறுதிச்சீட்டைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள். இல்லையென்றால், தளத்தில் கிடைக்கும் நீட்டிப்புப் படிவத்தை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, பாஸ்போர்ட் நகல், பெர்மிட் அட்டையின் இரு பக்க நகல், இந்த செமஸ்டருக்கான மாணவர் பதிவுச் சான்று, டிசம்பர் 9 நேரம் பதிவான தாள் எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அல்லது அலுவலக வாசலில் உள்ள தபால் பெட்டியில் நீங்களே போய்ப் போட்டு, ஒரு நண்பரைச் சாட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் ஒரு மின்னஞ்சல்கூடக் கொள்கையளவில் விண்ணப்பம்தான். ஆனாலும் மின்னஞ்சல் வரவே இல்லை என்று பிற்பாடு சொன்னால் நிரூபிப்பது சிரமம். அதனால்தான் மின்னஞ்சலோடு நிறுத்தாமல் தாளாகவும் அனுப்பச் சொல்கிறேன். அக்டோபர் 31-க்குள் அது அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், கிளம்பியிருந்தால் மட்டும் போதாது. இடையில் வேறு ஊருக்கு வீடு மாறி முகவரி பதிந்திருந்தால், விண்ணப்பம் போக வேண்டியது புதிய ஊர் அலுவலகத்துக்கு. எல்லா ஆவணமும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். குறைவதை அப்புறம் தரலாம், தேதியைத் தாண்டினால் திரும்பப் பிடிக்க முடியாது.

சரி, விண்ணப்பம் போய்விட்டது, நவம்பர் 1 முதல் நீங்கள் சட்டப்படியே இருக்கிறீர்கள். ஆனால் அதை எதிரில் நிற்பவருக்குக் காட்ட என்ன இருக்கிறது? அட்டையில் பழைய தேதிதான். அதற்காகத் தருகிற தாளின் பெயர் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங். நம் பிள்ளைகள் சுருக்கமாக ஃபிக்ஷன் என்பார்கள். கற்பனைக் கதை என்று நினைத்துச் சிரிக்க வேண்டாம். பள்ளிக்கூடக் கணக்கில் "இதன் விலை x என்க" என்று ஆரம்பிப்போமே, அந்த "என்க"தான் இது. இவருடைய பெர்மிட் இன்னும் உயிரோடு இருக்கிறது என்க, என்று சட்டம் சொல்கிறது. அந்த நிலையைத் தருவது சட்டம், தாள் அதற்குச் சாட்சி. அதனால் தாள் கைக்கு வராவிட்டாலும் நீங்கள் சட்டவிரோதம் ஆகிவிடுவதில்லை. கட்டணம் 13 யூரோ.

மடித்துத் தருகிற அந்தத் தாளின் உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும். எதில் குறி போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் கட்டம், தங்குவது அனுமதிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பது. முன்னால் பெர்மிட் எதுவும் இல்லாமல், ஆனால் சட்டப்படி உள்ளே இருந்தபடி விண்ணப்பிப்பவர்களுக்கு அது. இரண்டாவது, நாடு கடத்தல் நிறுத்தி வைக்கப்பட்டதாகக் கருதப்படும் என்பது. தாமதமாக விண்ணப்பித்தவர்கள் போய் விழுகிற கட்டம் இது. மூன்றாவதுதான் 81(4), பழைய பெர்மிட் தொடர்கிறது என்பது. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வருகிற உரிமை இல்லை. மூன்றாவதோடு போகலாம், வரலாம்.

இங்கே ஓர் இடைச்சொருகல். ஜெர்மனியில் நம் மொழி பேசுகிற பெரியவர்களில் பலர் எண்பதுகளில் ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். கோயிலிலோ கடையிலோ நீங்கள் இந்தப் பேச்சை எடுத்தால், "அந்தக் கடதாசியோட வெளியில போகாதேங்கோ தம்பி, திரும்ப வர விடமாட்டாங்கள்" என்று பதறுவார்கள். அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் வருஷக்கணக்கில் கையில் வைத்திருந்தது டுல்டுங் என்ற வேறு தாள், நாடு கடத்துவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருப்பதற்கான சான்று அது. அவர்கள் பட்டது உண்மை, ஆனால் அது உங்கள் தாளுக்குப் பொருந்தாது.

இனி கல்யாணம். மூன்றாவது கட்டத்தில் குறியிட்ட ஃபிக்ஷன், காலாவதியான பெர்மிட் அட்டை, செல்லுபடியாகும் பாஸ்போர்ட் மூன்றும் கையில் இருந்தால், ஃபிக்ஷனில் போட்டிருக்கும் தேதிக்குள் நீங்கள் போய்விட்டுத் திரும்பலாம். இது சட்டம். நடைமுறையில் தடங்கல் வருகிற இடம் எல்லைப் போலீஸ் அல்ல, ஏர்லைன் கவுண்டர். சென்னையில் இரவு ஒரு மணிக்குச் செக்-இன் மேசையில் இருப்பவர் அந்தத் தாளை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். அட்டையில் தேதி முடிந்திருக்கிறதே என்பதைத்தான் பார்ப்பார். அதனால் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். மேலாளரைக் கூப்பிடச் சொல்லத் தயங்க வேண்டாம். டிக்கெட்டை ஜெர்மனிக்கு நேராகப் போகிற மாதிரியோ, வளைகுடா வழியாக வந்து நேரே ஜெர்மனியில் இறங்குகிற மாதிரியோ எடுங்கள். ஷெங்கனில், அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைக்காத ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், வேறொரு நாட்டில் இறங்கி மாறுவதும் விதிப்படி சரிதான், இந்தத் தாளைப் பெர்மிட்டுக்குச் சமமாக ஜெர்மனி ஷெங்கன் பட்டியலில் அறிவித்திருக்கிறது. ஆனால் நடு இரவில் வேற்று நாட்டு அதிகாரிக்கு ஜெர்மன் சட்டப் பாடம் எடுக்கிற நிலைமை வேண்டாமே. லண்டன் வழியாக வருகிற மலிவு டிக்கெட்டை நான் வாங்க மாட்டேன்.

தாள் கைக்கு வராமல் போனால்? இங்கேதான் ஊருக்கு ஊர் வித்தியாசம். சில அலுவலகங்கள் விண்ணப்பித்த சில நாளில் ஃபிக்ஷனைத் தபாலில் அனுப்பிவிடும். சில ஊர்களில் கேட்டால்தான் தருவார்கள். பயணத்துக்குக் காரணம் காட்டினால்தான் தருவோம் என்கிற இடங்களும் உண்டு. அக்கா கல்யாணம் அவசரமா இல்லையா என்பது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைப் பொறுத்தது. மரணம், தீவிர நோய் என்றால் யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குக் கொடுத்தும் பார்த்திருக்கிறேன், கையை விரித்தும் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தோடு ஒரு தனிக் கடிதம் வையுங்கள்: பயணத் தேதி, திரும்பும் தேதி, என்ன உறவு, 81(4)-இன்படி ஃபிக்ஷன் வேண்டும் என்ற ஒரு வரி. அதோடு கல்யாணப் பத்திரிகை. தமிழில் இருந்தால், மணமகள் பெயரையும் தேதியையும் ஜெர்மனில் ஒரு தாளில் எழுதி மேலே இணைத்துவிடுங்கள். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு வருகிற தானியங்கி உறுதிச்சீட்டு பெரும்பாலும் உள்நாட்டில் வீட்டுக்காரரிடமும் முதலாளியிடமும் காட்டத்தான் உதவும், அதை நம்பி விமானம் ஏற வேண்டாம்.

டிசம்பர் 9-ஐ முன்னால் நகர்த்திவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்கலாம். தீராது. அட்டையை அச்சடிப்பது உங்கள் ஊர் அலுவலகம் அல்ல, பெர்லினில் உள்ள அரசு அச்சகம். கைரேகை கொடுத்த நாளிலிருந்து அட்டை வர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அக்டோபர் மத்தியில் நேரம் கிடைத்தாலும் நவம்பர் 20-க்கு முன் அட்டை வரும் என்று சொல்ல முடியாது. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு வேண்டியது ஃபிக்ஷன்தான். அது கையில் இல்லாமல் ஊருக்குப் போனால், கதவு பூட்டிக்கொண்டபின் சாவி வீட்டுக்குள்ளே இருப்பது நினைவுக்கு வந்த மாதிரி ஆகிவிடும். சட்டப்படி உங்கள் பெர்மிட் உயிரோடுதான் இருக்கும், ஆனால் சென்னையில் நின்றுகொண்டு அதை நிரூபிக்க முடியாது. திரும்பி வரப் புதிதாக விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லலாம், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் டிக்கெட்டை இப்போது எடுப்பதென்றால், ரத்து செய்தால் பணம் திரும்புகிற வகையில் எடுங்கள்.

அடுத்து அரியர். தம்பி, இதில் பயப்பட வேண்டிய இடம் நீங்கள் நினைக்கிற இடம் இல்லை. அதிகாரி பார்ப்பது மதிப்பெண்ணை அல்ல, இந்தப் படிப்பு நியாயமான காலத்துக்குள் முடியுமா என்பதை. சட்டத்தின் 16b பிரிவில் உள்ள சொல் அதுதான், நியாயமான காலம். அலுவலகங்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் வழிகாட்டுதலில் ஓர் அளவுகோல் உண்டு: அந்தப் படிப்புக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆகிற சராசரி காலத்தைவிட மூன்று செமஸ்டருக்கு மேல் போகாதவரை படிப்பு ஒழுங்காக நடக்கிறது என்று கொள்ளலாம். நான்கு செமஸ்டர் மாஸ்டர்ஸில் ஐந்தாவதில் இருப்பவர்கள் என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல். இரண்டு பேப்பரும் தீசிஸும் பாக்கி என்பது இந்த ஊரில் சாதாரணம். உங்கள் துறையின் படிப்பு ஆலோசகரிடம் அரைப் பக்கக் கடிதம் வாங்குங்கள்: இத்தனை கிரெடிட் முடித்திருக்கிறார், இத்தனை பாக்கி, இந்த செமஸ்டரில் முடிக்க வாய்ப்பிருக்கிறது. மதிப்பெண் பட்டியலைத் தனியாக நீட்டுவதைவிட அந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அதிகாரிக்கு வேலை மிச்சம்.

உண்மையில் பயப்பட வேண்டியது, அந்த அரியர் எத்தனையாவது முயற்சி என்பதற்கு. நீங்கள் அதை எழுதவில்லை. பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று முயற்சிதான். மூன்றாவதும் போனால் இறுதியாகத் தோல்வி. கட்டாயப் பாடம் என்றால் மாணவர் பதிவே ரத்தாகும், அதே பாடப்பிரிவை நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர்வது பெரும்பாலும் முடியாது. நம் ஊர் மாதிரி அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்கிற அரியர் இல்லை இது. படிப்பு முடிந்தாலோ நின்றாலோ பெர்மிட்டும் முடியும் என்ற நிபந்தனை பலருடைய பெர்மிட்டில் இருக்கிறது. அட்டையோடு ஒரு மடித்த தாள் கொடுத்திருப்பார்களே, அதில் எழுதியிருக்கும். யாரும் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. இன்றைக்கு எடுத்துப் படியுங்கள். இரண்டு முயற்சி முடிந்திருந்தால், ஊரிலிருந்து திரும்பிய களைப்போடு மூன்றாவதை எழுத வேண்டாம். தேர்விலிருந்து விலகக் கடைசித் தேதி எது என்று பார்த்து வையுங்கள்.

பணம், இன்சூரன்ஸ், பாஸ்போர்ட் மூன்றையும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாதச் செலவுக்கு 992 யூரோ, வருஷத்துக்கு 11,904 என்பது 2024 செப்டம்பரில் வந்த கணக்கு. இங்குள்ள மாணவர் உதவித்தொகையின் உச்சவரம்பை ஒட்டி வைத்தது அது, உதவித்தொகை உயர்ந்தால் இதுவும் உயரும். விண்ணப்பிக்கிற நாளில் என்ன தொகை என்று அலுவலகத் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நீட்டிப்புக்கு முழுத் தொகையையும் மறுபடி முடக்கு கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட வேண்டும் என்று கட்டாயமில்லை. பகுதிநேர வேலைச் சம்பளச் சீட்டு, உதவித்தொகைக் கடிதம், ஜெர்மனியில் இருக்கும் ஒருவர் சட்டப்படி தருகிற பொறுப்புறுதி இவற்றையும் காட்டலாம். அப்பாயின்ட்மென்ட்டுக்கு முந்தின நாள் நண்பர்களிடம் கைமாற்றாக வாங்கிக் கணக்கில் போட்டுக் காட்டுகிற வித்தையை அதிகாரிகள் நம்மைவிட அதிகம் பார்த்திருக்கிறார்கள். இன்சூரன்ஸில், 30 வயது தாண்டினால் பொதுக் காப்பீட்டில் மாணவர்களுக்கான சலுகைக் கட்டணம் கிடைக்காது. பாஸ்போர்ட் முடிகிற தேதியைத் தாண்டி யாரும் பெர்மிட் தர மாட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் முடிவதாக இருந்தால் பெர்லின் தூதரகத்திலோ ஃபிராங்க்ஃபர்ட், மூனிக், ஹாம்பர்க் துணைத் தூதரகங்களிலோ இப்போதே புதுப்பிக்கக் கொடுங்கள். ஆனால் ஒன்று, பயணத்துக்கு முன் பாஸ்போர்ட் திரும்பக் கைக்கு வருமா என்று பார்த்துக்கொண்டு கொடுங்கள்.

வேலை பார்க்கிறீர்களா என்று எழுதவில்லை, பார்த்தால் இதுவும். 2024 மார்ச் 1 முதல் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம், முன்பு 120-ம் 240-ம் ஆக இருந்தது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பார்க்கிற மாணவர் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் சேராது. 81(4) காலத்திலும் இதே வரம்புதான். ஆனால் அட்டை முடிகிற அன்று முதலாளி கேட்பார். ஃபிக்ஷன் வராதவரை விண்ணப்பித்ததற்கான சான்றை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துவிடுங்கள், நான் இழந்த நான்கு வாரச் சம்பளத்தை நீங்களும் இழக்க வேண்டாம்.

நீட்டிப்பை மறுப்பதாக இருந்தாலும் ஒரே நாளில் கதவைச் சாத்த மாட்டார்கள். முதலில் உங்கள் தரப்பைக் கேட்டு ஒரு கடிதம் வரும், பதிலுக்கு ஒரு கெடு இருக்கும். கடிதம் மரியாதையான ஜெர்மனில் இருப்பதால் சாதாரணத் தகவல் என்று நினைத்து மேசை டிராயரில் போட்டுவிட்டு, கெடு முடிந்தபின் என்னிடம் வந்தவர்கள் உண்டு. அப்படி எது வந்தாலும் அன்றைக்கே உங்கள் பல்கலைக்கழக மாணவர் பேரவையான ஆஸ்டாவிடம் போங்கள். பல இடங்களில் அவர்களே ஒரு வக்கீலை வைத்து மாணவர்களுக்கு இலவச ஆலோசனை தருகிறார்கள். மறுப்பு உத்தரவே வந்துவிட்டால், அதை எதிர்த்து மனு போட்டதும் பெர்மிட் தானாகப் பழையபடி தொடராது. நீதிமன்றத்தில் தனியாகத் தற்காலிகப் பாதுகாப்பு கேட்க வேண்டும். அந்தக் கட்டத்தில் என்னைப் போன்ற ஆலோசகர் போதாது, வக்கீல்தான் வேண்டும். அலுவலகம் வாயே திறக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் இழுத்தால் நிர்வாக நீதிமன்றத்தில் அதற்கென்றே ஒரு வழக்கு போடலாம். பெரும்பாலும் வக்கீலிடமிருந்து ஒரு கடிதம் போனதுமே கோப்பு நகரத் தொடங்கிவிடும்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் எந்தத் தேதியில், எந்த வழியில் என்று இங்கே எழுதுங்கள். ஃபிக்ஷன் வந்தால் டிக்கெட்டை உறுதி செய்வதற்கு முன் பிரித்து, மூன்று கட்டத்தில் எதில் குறி விழுந்திருக்கிறது, கடைசித் தேதி என்ன என்பதையும் சொல்லுங்கள். கட்டம் மாறிக் குறி போட்டுவிடுவதும் நடக்கிறது, கிளம்புவதற்கு முன்னால் தெரிந்தால் திருத்தி வாங்கிவிடலாம்.